மழைப்புள்ளி என்று நான் தள்ளிய படம்

ஒரு பெண்மணியின் விழித்திரைப் படத்தில் நோயின் முதல் அடையாளம் தெளிவாக இருந்தது. அதைக் கேமரா லென்ஸின் குறை என்று ஒதுக்கினேன். பிறகு அவருடைய ஒரு கண்ணின் நடுப்பார்வை போய்விட்ட பின், முந்தைய படத்தில் ஒன்றுமே இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். முதலாவதைத் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அந்தச் சொல் போதாது. சுற்றி வளைத்து ஆரம்பித்தால் எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொள்கிறேன் என்பதை, இதை எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்ட தாள்கள் காட்டிவிட்டன. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஏற்காட்டு மருத்துவமனையின் கண் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். உங்களில் சிலர் டாக்டர்கள், சிலர் ஆப்டோமெட்ரி படித்துவிட்டுப் படம் எடுக்க வந்தவர்கள். கருவியை எப்படி இயக்குவது என்று நான் சொல்லத் தேவையில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இப்போது கணினியே படத்தைப் பார்த்துச் சந்தேகமான இடத்தில் வட்டம் போட்டுக் காட்டுகிறது. அந்த வட்டத்தைப் பார்த்து, "இது சும்மா காட்டுது" என்று தள்ளிவிடத் தோன்றும் ஒரு சாயங்காலம் உங்களுக்கும் வரும். வெளியே பனி இறங்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும். அந்தச் சாயங்காலத்துக்காகத்தான் இது.

நான் சேலத்தில் தொழில் செய்தவன். வாரத்தில் ஒருநாள் மலைக்கு வந்து இந்த மருத்துவமனையில் உட்காருவேன். அப்போது கண் பிரிவு என்பது மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. பெரிய மருத்துவமனை ஒன்று கழித்துவிட்ட விழித்திரைக் கேமரா நன்கொடையாக வந்திருந்தது. நல்ல கருவிதான். ஆனால் அது சமவெளிக்குச் செய்தது. இங்கே மழைக்காலம் தொடங்கினால் சுவரே வியர்க்கும். செருப்பில் பூஞ்சை பூக்கும். லென்ஸை மட்டும் விட்டுவைக்குமா? இரவில் கேமராவின் மேல் போர்வை போட்டு உள்ளே ஒரு பல்பை எரிய விட்டுப் பார்த்தோம். அப்படியும் படங்களில் வெளிறிய புள்ளிகள் விழுந்தன. யார் கண்ணை எடுத்தாலும் அதே இடத்தில் அதே புள்ளிகள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மழைப்புள்ளி.

முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதிக்கு வரும் மேக்குலா சிதைவின் ஆரம்பமும் புள்ளிகள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். முகம், எழுத்து, ஊசிக் காது எல்லாவற்றையும் பார்க்கிற அந்த நடுப்பகுதியின் அடியில் மஞ்சளாகப் படியும். பார்வையில் ஒரு குறையும் தெரியாது. பலருக்கு அப்படியே இருந்துவிடும். சிலருக்கு அங்கே புதிய ரத்தக்குழாய் முளைத்துக் கசிந்து நடுப்பார்வையை எடுத்துக்கொண்டு போய்விடும். யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. புள்ளி இருப்பதை அறிந்து கவனித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான் வழி.

லென்ஸில் இருக்கும் புள்ளியையும் கண்ணில் இருக்கும் புள்ளியையும் பிரித்தறிய நானே ஒரு விதி வைத்திருந்தேன். நோயாளியைச் சற்றுப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லி இன்னொரு படம் எடுக்க வேண்டும். ரத்தக்குழாய்களோடு சேர்ந்து புள்ளியும் நகர்ந்தால் அது கண்ணில் இருக்கிறது. படத்தின் அதே மூலையில் நின்றுகொண்டிருந்தால் அது லென்ஸ். அவ்வளவுதான். ஆனால் முதல் படத்தின் வெளிச்சத்தில் கண்ணின் பாப்பா சுருங்கிவிடும். அது மறுபடி விரியும்வரை நோயாளியை இருட்டில் உட்கார வைக்க வேண்டும். காத்திருக்க மனம் வேண்டும்.

ரோசலின் அம்மா வந்தது அப்படியொரு மழைக்காலச் சாயங்காலத்தில். வாழவந்தியில் ஒரு சிறிய எஸ்டேட்டின் ஷெட்டில் காப்பிக் கொட்டை பொறுக்குகிறவர். கொட்டையைப் பலகையில் பரப்பி, கறுத்ததும் உடைந்ததும் பூச்சி அரித்ததுமாக ஒதுக்குகிற வேலை. அறுபதைத் தாண்டியிருந்தார். கண்ணாடியை மாற்றவேண்டும் என்று வந்திருந்தார்.

"பொழுதன்னைக்கும் கொட்டை பொறுக்கற கண்ணுங்க இது. இப்பக் கருப்புக் கொட்டை ஒண்ணு ரெண்டு நழுவிப் போயிருதுங்க. மேஸ்திரி என்னையக் கெழவிங்கறான். அவனுக்கு என்னைய விட நாலு வயசு கூடங்க."

படம் எடுக்கும் ஜெனிபர் சிரித்துவிட்டாள். அவள் அப்போது படிப்பு முடித்து வந்து அதிக நாள் ஆகவில்லை. இரண்டு கண்ணையும் படம் எடுத்தாள். திரையில் நடுப்பகுதியைச் சுற்றிச் சிறு புள்ளிகள். என் விதிப்படி அறையின் விளக்கை அணைத்துவிட்டு, அம்மாவை இருட்டில் உட்கார வைத்து, கேமராவின் மேல் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. வாழவந்திக்குக் கடைசி பஸ் அதுதான்.

"மழைப்புள்ளிதான். போதும், விடு. அம்மாவுக்கு பஸ் போயிடும்" என்றேன்.

ஜெனிபர் விளக்கைப் போட்டாள். பதிவில் மழைப்புள்ளி என்று குறித்தாள். நான் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தேன். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடி பஸ்ஸைப் பிடித்தார். நானும் காரை எடுத்தேன். அன்று சேலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பனி மூடுவதற்குள் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கிவிட வேண்டும் என்பது மதியத்திலிருந்தே என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய பஸ்ஸுக்காக அவசரப்பட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த காப்பி அறுவடைக் காலத்தில் மறுபடி வந்தார். வெயில் காய்ந்துகொண்டிருந்த மாதம். லென்ஸ் சுத்தமாக இருந்தது. ஜெனிபர் என்னம்மா செய்கிறது என்று கேட்டாள்.

"எடது கண்ணுல தூசி உழுந்துச்சு கண்ணு. கையில பொத்திக்கிட்டுப் பாத்தா, எதுத்தாப்புல உக்காந்திருக்கற பொம்பளைக்கு மூஞ்சியே இல்ல. காது இருக்குது, தோடு இருக்குது, மூஞ்சி இல்ல. ஏண்டி உம் மூஞ்சி எங்கடீன்னு கேட்டுப்போட்டேன். அவ, ஊட்ல வச்சுட்டு வந்துட்டேங்கறா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். வலது கண் எப்போது கெட ஆரம்பித்தது என்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் பார்த்தபோது நடுவில் தழும்பு விழுந்துவிட்டிருந்தது. எந்த ஊசி மருந்தும் அந்தப் பார்வையைத் திருப்பித் தராது. இடது கண்ணின் நடுவில் மஞ்சள் புள்ளிகள். பக்கவாட்டில் பார்க்கச் சொல்லி இன்னொரு படம் எடுக்கவைத்தேன். புள்ளிகள் ரத்தக்குழாய்களோடு நகர்ந்தன. கணினியில் பழைய படத்தைத் திறந்தேன். இடது கண்ணில் அதே புள்ளிகள், அதே இடங்களில் இருந்தன; வலது கண்ணிலும் அன்றே புள்ளிகள் இருந்தன.

"ஏனுங்க, போன மொறை படம் புடிச்சீங்களே, அதுலயே இது இருந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்கம்மா. அப்போ ஒண்ணுமில்லை. இது திடீர்னு வர்றது."

ஜெனிபர் திரும்பி லென்ஸ் துணியை மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

"அப்பச் செரிங்க. யாரையும் நோவ முடியாது" என்றார் அம்மா. அவர் முகத்தில் ஓர் ஆறுதல் வந்தது. அதைப் பார்த்து எனக்கும் வந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சேலத்தில் விழித்திரை நிபுணராக இருக்கும் பெண் டாக்டர் ஒருவரிடம் ரோசலின் அம்மாவை அனுப்பிவைத்தேன். அந்த டாக்டர் என்னிடம் பயிற்சி பெற்றவர்தான். பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். வலது கண்ணுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை, இடது கண்ணிலும் அதே வழிதான் தெரிகிறது, மாதாமாதம் பார்க்கவேண்டும் என்றார். பிறகு, "பழைய படம் இருக்கும் இல்லையா சார்?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ரோசலின் அம்மா மாதாமாதம் வரவில்லை. ஒரு மாதமும் வரவில்லை. நான் சொல்லியனுப்பினேன், ஜெனிபர் போன் செய்தாள். வருகிறேன் என்பார், வரமாட்டார். அவருடைய மகன் தேவராஜ் ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவர். ஒருநாள் அவரைக் கடைவீதியில் பார்த்து, அம்மா ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"நானும் சண்டை கட்டிப் பாத்துட்டனுங்க. வர மாட்டீங்குது. திடீர்னு வர்ற சீக்குக்கு மாசாமாசம் போயி என்னத்தடா பாக்கறது, முன்னாடி பாத்தா ஒண்ணும் தெரியாதுன்னு டாக்டரே சொன்னாருடாங்குது."

அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய் அந்தக் கணத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அது முடியவில்லை. அவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் நம்பிக்கொண்டிருந்தார். முன்கூட்டித் தெரியாத நோய் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மீதி இருக்கும் கண்ணைக் கவனிக்காமல் விட அவருக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. இது முன்பே தெரியும் நோய், படத்தில் தெரிந்தது, நான் பார்க்கவில்லை என்று சொன்னால்தான் அவர் வருவார். அவருக்குத் தரவேண்டிய மருந்தே என் குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான் என்று ஆகிவிட்டது.

உடனே போய்விட்டேன் என்று எழுத ஆசைதான். ஒரு வாரம் வாழவந்திப் பாதையில் பாதி தூரம் போய், காரைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அதற்கு அடுத்த வாரம் தேவராஜையே கூப்பிட்டு அவருடைய ஜீப்பில் ஏறிக்கொண்டேன். அவர் ஓட்டினால் நான் திரும்பிவர முடியாது.

ஷெட்டில் ஏழெட்டுப் பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ரோசலின் அம்மா அவர்களோடு இல்லை. ஓரமாக உட்கார்ந்து சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். கருப்புக் கொட்டை அதிகம் தப்புகிறது என்று மேஸ்திரி அவரைப் பலகையிலிருந்து எழுப்பிவிட்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "டாக்டரே ஷெட்டுக்கு வந்திருக்கீங்களே. எனக்குச் சீட்டுக் கிழிஞ்சிருச்சுங்களா?" என்றார்.

"உன்னையெல்லாம் அவ்வளவு சீக்கிரம் மேல கூப்புட மாட்டாங்க ரோசக்கா. அங்கியும் வந்து வாயடிப்பீன்னு பயந்துக்குவாங்க" என்றார் பலகையிலிருந்த ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

கொஞ்சம் வெளியே வர முடியுமா என்று கேட்டேன். "இங்கியே சொல்லுங்க. இவளுகளுக்குத் தெரியாத சங்கதி எனக்கு என்ன இருக்குது" என்றார்.

மடிக்கணினியைச் சாக்கு மூட்டையின் மேல் வைத்துப் பழைய படத்தைத் திறந்தேன். புள்ளிகளைக் காட்டினேன். மழைப்புள்ளி என்றால் என்ன, நிஜப் புள்ளி என்றால் என்ன, கண்ணை நகர்த்தினால் எது கூட வரும், எது வராது, எல்லாவற்றையும் சொன்னேன். அன்று இன்னொரு படம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், நான் வேண்டாம் என்றேன், பிறகு வந்து கேட்டபோது ஒன்றும் இல்லை என்று பொய் சொன்னேன் என்றேன். அன்றே தெரிந்திருந்தாலும் அந்தப் புள்ளிகளை அழிக்கும் மருந்து என்னிடம் இல்லை. ஆனால் பார்வை கோணும்போதே வந்துவிடுங்கள் என்று உங்களை எச்சரித்திருப்பேன், நீங்கள் நேரத்தில் வந்திருக்கக்கூடும் என்றும் சொன்னேன். கொட்டைகளின் சத்தம் நின்றுபோயிருந்தது.

ரோசலின் அம்மா ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார்.

"அன்னிக்கு எதுக்குங்க இன்னொரு படம் எடுக்கல?"

"உங்க பஸ் போயிடும்னு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். "எனக்குச் சேலத்துல ஒரு விசேஷம் இருந்துச்சும்மா. இருட்டுறதுக்குள்ள இறங்கணும்னு நெனச்சேன்."

"பஸ் போனாப் போவுது, நான் நடந்து போயிருப்பனுங்க. சின்ன வயசுல இருந்து நடந்த வழிதானுங்க அது."

குரலை உயர்த்தவில்லை. வாசலில் நின்ற தேவராஜ் வெளியே போய் ஜீப்பின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"செரி, அது அவசரம். பொறகு எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"பயம்மா."

"எனக்கா பயமில்ல?" என்றார். பிறகு, "இந்தக் கண்ணு?" என்று இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

அவர் வீட்டில் மாதக் காலண்டர் இருக்கிறதா என்று கேட்டேன். கோயிலில் கொடுத்தது இருக்கிறது என்றார். அதைக் கண்மட்டத்தில் மாட்டுங்கள். தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வலது கண்ணைப் பொத்தி, நடுவிலிருக்கும் ஒரு தேதியைப் பாருங்கள். கட்டத்தின் கோடுகள் நேராக இருக்க வேண்டும். கோடு வளைந்தாலோ ஒரு கட்டம் மங்கினாலோ அன்றைக்கே எனக்குப் போன் செய்யுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள் என்றேன். கோடு நேராகவே இருந்தாலும் மாதம் ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன்.

"எத்தன நாளைக்கு?"

"இருக்கற வரைக்கும்மா."

"செரிங்க. நீங்க போங்க" என்று ஊசியை எடுத்துக்கொண்டார். ஷெட்டுக்கு யார் வந்தாலும் கடுங்காப்பி கொடுப்பது வழக்கம். அன்று எனக்கு யாரும் கொடுக்கவில்லை. தேவராஜ் என்னை ஜீப்பில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். மருத்துவமனை வாசலில் இறங்கியதும் நன்றி என்றேன். அவர் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே மருத்துவமனை நிர்வாகியிடமும் நடந்ததைச் சொன்னேன். மழைப்புள்ளி என்று குறித்த எல்லாரையும் திரும்ப அழைத்து மறுபடி படம் எடுப்பது என்று முடிவாயிற்று. ஜெனிபர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். செம்மநத்தத்திலிருந்தும் வெள்ளக்கடையிலிருந்தும் வந்தார்கள். பெரும்பாலோருக்கு நிஜமாகவே மழைப்புள்ளிதான். சிலருக்கு இல்லை. ஆனால் அவர்களில் யாருக்கும் பார்வை போயிருக்கவில்லை. கடைசி ஆளின் படத்தைப் பார்த்து முடித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மேஜையில் வைத்தேன்.

"அன்னிக்கு நான் சொல்லியிருக்கோணும் சார்" என்றாள் ஜெனிபர்.

நீ விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தாய், அதுவே சொன்னதுதான் என்றேன். நான் போதும் என்று சொன்ன பிறகு அவள் பேசமுடியாதபடி அறையை வைத்திருந்தது நான். உங்களில் டாக்டர்களாக இருப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

ரோசலின் அம்மா அதன் பிறகு மாதாமாதம் வந்தார். என்னோடு அளவாகப் பேசுவார். காலண்டரைப் பார்க்கிறீர்களா என்றால், பார்க்கிறேன் என்பார். நான் சேலத்துத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றேன். அப்படியும் வாரம் ஒருநாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதற்கு மருத்துவமனை அனுமதித்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலையில் சேலத்து வீட்டில் என் போன் அடித்தது.

"டாக்டருங்களா? ரோசலின் பேசறனுங்க. பதினாறாந்தேதி வளையுதுங்க."

மலையில் இரண்டு நாளாக விடாத மழை. தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன், மலைப்பாதையில் பாறை உருண்டு பஸ் நின்றுபோயிருந்தது. இந்த மழையில் அவரைக் கீழே இறக்குவதென்றால் குப்பனூர் வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும். அதுவும் பத்திரம் என்று சொல்வதற்கில்லை. எனக்கு முதலில் வந்த எண்ணம் வேறு. ஈரத்தில் காகிதம் நெளியும். காலண்டர்தான் வளைந்திருக்கிறதோ என்று தோன்றியது. மழைப்புள்ளி என்று சொன்ன அதே வாய் திறக்கப்போனது.

இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு கேட்டேன். காலண்டர் ஈரத்தில் சுருண்டிருக்கிறதா என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சனுங்க. அதான் பதினாற உட்டுட்டு ஒம்பதைப் பாத்தேன். ஒம்பது வளையுது, பதினாறு நேராயிருச்சு. இருவத்திமூணப் பாத்தா அது வளையுது. சன்னல் கம்பியப் பாத்தேன், அதும் வளையுது. நான் பாக்கற எடத்துக்கெல்லாம் கூடவே வருதுங்க. மழைப்புள்ளி இல்லீங்க இது."

ஷெட்டில் நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. நான் எடுக்காமல் விட்ட இரண்டாவது படத்தை அவர் எடுத்துவிட்டுத்தான் போன் செய்திருந்தார்.

இப்போதே கிளம்புங்கள் என்றேன். தேவராஜிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, குப்பனூர் வழியாக வரமுடியுமா என்று கேட்டேன். "வந்தர்றனுங்க" என்று மட்டும் சொன்னார். விழித்திரை டாக்டருக்குப் போன் செய்தேன். பிறகு சேலத்தில் அவருடைய மருத்துவமனை வாசலில் போய் நின்றேன். அந்தக் காலைப்பொழுதைப் போல நீண்ட ஒன்று என் வாழ்க்கையில் இல்லை. மழையில் மலைப்பாதையில் இறங்கச் சொன்னது நான். ஏதாவது ஆனால் அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

ஜீப் வந்து நின்றது. சேறு கூரைவரை தெறித்திருந்தது. அம்மா இறங்கி என்னைப் பார்த்து, "எம் மகனுக்கு மாலை போடுங்க, வழியெல்லாம் மரம் நகத்திட்டு வந்தான்" என்றார்.

ஸ்கேனில் நடுப்பகுதியின் அடியில் கொஞ்சம் நீர் தெரிந்தது. கசிவு தொடங்கிவிட்டது. ஆனால் கொஞ்சம்தான். "புதுசு சார். ஒரு மாசம் கழிச்சு வந்திருந்தா வேற கதை" என்றார் விழித்திரை டாக்டர். கண்ணுக்குள் ஊசி போடவேண்டும் என்று அவர் அம்மாவிடம் விளக்கினார்.

"கண்ணுக்குள்ளயா? சாக்குத் தைக்கற ஊசியாட்டம் இருக்குமுங்களா?"

"அதைவிட நொம்பச் சின்னதும்மா. வலிக்காம மருந்து விட்டுத்தான் போடுவோம்."

"அப்பப் போடுங்க. நான் தெனமும் எத்தன சாக்கக் குத்தியிருக்கேன், அதுக்கு நாலு குத்து நானும் வாங்கிக்கறேன்."

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தேவராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜீப்பைப் பற்றி, பாதையைப் பற்றி, மண் சரிந்திருந்த இடங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதற்கு முன் அவர் என்னோடு அவ்வளவு பேசியதில்லை. எழுந்துபோய் இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை என் கையில் கொடுத்தார்.

ஊசி ஒன்றோடு நிற்கவில்லை, தொடர்ந்து போடவேண்டியிருந்தது. இப்போதும் அவ்வப்போது போடுகிறார்கள். ஆனால் நீர் வற்றியது. கோடுகள் மெல்ல நிமிர்ந்தன. ஒருநாள் போனில், "எல்லாத் தேதியும் நேரா நிக்குதுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அன்று நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வலது கண் போனது போனதுதான். அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. இடது கண்ணை நான் காப்பாற்றினேன் என்றும் சொல்லமாட்டேன். அதைத் தினமும் காலையில் காப்பாற்றியவர் அவர். அதற்குக் குறுக்கே நின்ற நான் விலகிக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்கே மனசு எவ்வளவு லேசாகிறது என்பது எனக்கு ஆச்சரியம்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பலகைக்குத் திரும்பிவிட்டார். மேஸ்திரி இன்னும் கிழவி என்கிறாராம்.

இனி அவர் உங்களிடம்தான் வருவார். போன மாதம் என் கடைசி நாளில் வந்திருந்தார். வெளியே மழை. ஜெனிபர் முதல் படத்தை எடுத்தாள். புள்ளிகள் தெரிந்தன. விளக்கை அணைத்தாள். நாங்கள் மூவரும் இருட்டில் பாப்பா விரியக் காத்துக்கொண்டிருந்தபோது வாழவந்தி பஸ் ஹாரன் அடித்தது. என் தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. இருட்டில் அதை அவர் எப்படிக் கண்டுகொண்டார் என்று தெரியவில்லை.

"பஸ் போகட்டுங்க" என்றார். "நீங்க நல்லாப் பாருங்க."

பஸ் போனது. ஜெனிபர் அவரைச் சற்றுப் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னாள். இரண்டாவது படம் திரையில் வந்தது. நான் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.